சிம்னி விளிம்பில் ஒரு சொட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எழுத ஆரம்பித்தது வேறு கதை. அதில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். சுற்றிலும் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவரைச் சாகவிடவும் எனக்கு மனம் வரவில்லை, பிழைக்க வைக்கவும் வழி தெரியவில்லை. பக்கம் பக்கமாக அவர் இருமிக்கொண்டே இருந்தார். குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் கை விறைக்காத இடம் அடுப்படி ஒன்றுதான். அதனால் சமையல் மேடையில், அடுப்பை ஒட்டிக் காகிதத்தை வைத்து, நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தேன். சூப் கொதித்து முடிந்தது. சிம்னி ஃபேனை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவருடைய கடைசி மூச்சு" என்று எழுதி முடிக்கவும், காகிதத்தில் டப்பென்று ஒரு சொட்டு விழுந்தது. மூச்சு கரைந்து ஓரம்வரை ஓடிவிட்டது.

அண்ணாந்து பார்த்தேன். சிம்னியின் விளிம்பில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வந்து, இடுப்பில் கைவைத்து மேலே பார்த்தார். "ஒண்ணுமில்ல, ஆவிதான்" என்றார். ஒரு டம்ளரை நூலில் கட்டி, சொட்டுக்கு நேர் கீழே தொங்கவிட்டுவிட்டு, பெரிய வேலை முடித்தவர் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு போனார்.

ஒன்றுமில்லையாம்! எனக்கோ உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. ஃபேன் ஓடும்போது விழாத தண்ணீர், நிறுத்திய பிறகு ஏன் விழுகிறது? ஸ்டூல் போட்டு ஏறி, எண்ணெய்ப் பிசுக்கு வலையைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். மேலே ஒரு தகட்டு மூடி. ஃபேன் ஓடினால் காற்றின் வேகத்தில் திறந்துகொள்ளும், நின்றால் விழுந்து மூடிக்கொள்ளும். அதற்கும் மேலே, கூரைக்கடியில் குளிரில் கிடக்கும் வெறும் தகரக் குழாய். அடுப்பிலிருந்து ஏறும் ஆவி அந்தக் குழாயின் உள்சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. ஃபேன் நின்றதும் அது இறங்கி வந்து மூடியின் மேல் தேங்குகிறது. ஓரத்தில் மெல்லக் கசிந்து, ஆற அமர, சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது.

ஆக, சமைத்தவர் மேடையைத் துடைத்து, விளக்கை அணைத்து, வெளியே போன பிறகுதான் அடுப்பு நனைகிறது. சமைத்தவருக்கு அது தெரியவே தெரியாது. அடுத்து உள்ளே வருகிறவர்தான் ஈரத்தைப் பார்ப்பார்.

அடுத்து உள்ளே வருகிறவர்! ஸ்டூலிலிருந்து குதித்தேவிட்டேன். கதை கிடைத்துவிட்டது. பெரியவரை அப்படியே விட்டுவிட்டேன். அவர் இன்னும் எங்கேயோ இருமிக்கொண்டிருப்பார்.

2

கதை கிடைத்துவிட்டது, சரி. எங்கே ஆரம்பிப்பது?

"அந்த வீட்டின் அடுப்பு தினமும் யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டி—"

[வேண்டாம். அழுகிற அடுப்பை என்னால் நேருக்கு நேர் பார்க்க முடியாது.]

"காற்றிலுள்ள ஈரப்பதம் குளிர்ந்த பரப்பைத் தொடும்போது—"

[பள்ளிக்கூடத்தில் தூங்கியவர்கள் எல்லாரும் இங்கேயும் தூங்கிவிடுவார்கள்.]

"கதவைத் தட்டினார் மெக்கானிக். தோளில் பை, உதட்டில் ஒரு சிரிப்பு. சிம்னியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக—"

[இந்த மெக்கானிக்கை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாக் கதைக்கும் வருவார். ஒரே பார்வையில் கோளாறைக் கண்டுபிடிப்பார், போகிற போக்கில் வாழ்க்கையைப் பற்றி ஒரு வாசகம் சொல்லுவார், படித்தவர்கள் தலைகுனிவார்கள். அவருக்கு ஒரு டீ கொடுத்து, வாசலோடு அனுப்பிவிட்டேன். இந்தக் கதையில் அவருக்கு வேலையில்லை.]

"ஒரு வீட்டில் இரண்டு ஓரகத்திகள். அடுப்படி ஒன்று."

இது நிற்கட்டும்.

3

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மாடி வீடு, மேலே கூரை. இரண்டு படுக்கையறை, நடுவில் ஒரு கூடம், பின்பக்கம் அடுப்படி.

அண்ணன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அவளைக் கண்ணாடிக்காரி என்று கூப்பிடுவோம். லென்ஸை ஊதி, துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் துடைக்கிற கை அவளுடையது. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. கடைக்குப் போகுமுன் காலையில் அவள் சமைப்பாள். சமைத்த பிறகு மேடையில் முகம் பார்க்கலாம்.

தம்பி மனைவி நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். நீச்சல்காரி. காலை வகுப்பு முடிந்து, ஈரத் தலையோடு வீடு திரும்பி, மதியம் அவள் சமைப்பாள். சமைத்துத் துடைத்துவிட்டு மாலை வகுப்புக்குப் போய்விடுவாள். வேகவேகமாக நடப்பாள், சத்தமாகச் சிரிப்பாள், ரொட்டி மாவு பிசைந்தால் பக்கத்து அறைவரை கேட்கும்.

நான் கதாநாயகியாக நினைத்தது நீச்சல்காரியைத்தான். பார்த்ததும் பிடித்துப்போகிற ஆள். ஆனால் எழுத எழுதக் கண்ணாடிக்காரிதான் முன்னால் வந்து நிற்கிறாள். கொஞ்சம் கடுகடுப்பு, கொஞ்சம் கர்வம், தவறு தன்மேல் இருக்க வாய்ப்பே இல்லை என்கிற உறுதி. இவளை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அவள் பக்கமே நிற்கிறேன்.

இருவரும் ஒரே நேரத்தில் அடுப்படியில் நிற்பதில்லை. ஆரம்பத்தில் ஏதோ கரண்டிச் சண்டை வந்தபோது, அண்ணனும் தம்பியும் சேர்ந்து கண்டுபிடித்த மகத்தான ஏற்பாடு அது. "ஆளுக்கொரு நேரம் வச்சுக்கங்க, பிரச்சினையே வராது." சொல்லிவிட்டு இருவரும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிரச்சினை வந்ததே அந்த ஏற்பாட்டால்தான்.*

* இந்த அண்ணன் தம்பி இருவரையும் நான் இனிமேல் தொந்தரவு செய்யப்போவதில்லை. அவர்களும் என்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

4

குளிர் ஆரம்பித்த வாரத்தில் ஒருநாள், நீச்சல்காரி மதியம் வந்தபோது அடுப்பைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. 'அக்கா மேடையைக் கழுவிட்டுத் துடைக்காமப் போயிட்டாங்க' என்று நினைத்துத் துடைத்தாள். அன்று மாலை கண்ணாடிக்காரி வந்தபோது மறுபடியும் தண்ணீர். 'தலையைத் துவட்டாம வந்து அடுப்புல சொட்ட விட்டிருக்கா' என்று நினைத்து அவளும் துடைத்தாள்.

வாசகரே, சொட்டு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர்கள் இருவருக்கும் தெரியாது. இந்த இடத்தில் எனக்குக் கத்த வேண்டும் போல இருக்கிறது. மேலே பாருங்கள், மேலே! ஆனால் ஈரத்தைத் துடைக்கிறவர்கள் யாராவது மேலே பார்ப்பார்களா? ஈரம் கீழேதானே இருக்கிறது.

வாய்விட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. கண்ணாடிக்காரி ஒரு துணியை நாலாக மடித்து, அடுப்பின் மேல், நடுவில், கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் போனாள். துடைக்கத் தெரியாதா என்று அர்த்தம். நீச்சல்காரிக்கு அது நன்றாகவே புரிந்தது. மறுநாள் அந்தத் துணிக்குப் பக்கத்தில் இன்னொன்றை மடித்து வைத்தாள். அதற்கு மறுநாள் மூன்றாவது வந்தது. பிறகு துண்டு, பிறகு பழைய தலையணை உறை. ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் துணியாலேயே சண்டை போட்டார்கள். மேடையோரம் சலவைக் கடை மாதிரி ஆகிவிட்டது.

நான் இந்தப் பகுதியை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன்.

"நம்ப முடியல" என்றார்.

"எது?"

"இத்தனை துணி இருந்தும் மேடை எப்படி நனையும்? துணியே உறிஞ்சிக்குமே."

உறிஞ்சிக்கொள்ளும்தான்! துணிகள் ஈரமாக இருக்கும். 'என் துணியை வேணும்னே நனைச்சு வச்சிருக்கா' என்று இருவருக்கும் கோபம் இரட்டிப்பாகும். இதை நான் யோசிக்கவே இல்லை. அவரைக் கட்டிக்கொண்டேன். எதற்கு என்று தெரியாமலே அவரும் சிரித்துக்கொண்டார்.

5

அப்புறம் ரொட்டி மாவு வந்தது.

ஒருநாள் நீச்சல்காரி ராத்திரியே மாவு பிசைந்து, பொங்குவதற்காக மேடைக் கோடியில் வைத்துவிட்டுப் படுத்தாள். காலையில் சமைக்க வந்த கண்ணாடிக்காரி அந்தச் சட்டியைப் பார்த்தாள். மாவு நன்றாக எழும்பி, தட்டைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. ஏனென்று கேட்காதீர்கள், மனுஷிக்குச் சில காலைகளில் மனசு இளகும். தட்டை எடுத்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த மெத்தென்ற நல்ல துணி ஒன்றால் சட்டியை மூடினாள். சமையலை முடித்ததும், அடுப்பின் சூடு இருக்குமே என்று சட்டியைக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தாள். சிம்னிக்கு நேர் கீழே.

மதியம் நீச்சல்காரி வந்தாள். துணி தொப்பலாக நனைந்து, மஞ்சள் வளையம் வளையமாகக் கறை பிடித்திருந்தது. அடியில் மாவு கூழாகிக் கிடந்தது.

மாலை கண்ணாடிக்காரி செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்தது.

"பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்கக்கா. மாவுல தண்ணி ஊத்தணுமா?"

கண்ணாடிக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கறையாக மூடி வைத்ததற்கா இந்தப் பேச்சு? நடந்ததைச் சொல்லியிருக்கலாம். நான் மூடித்தாம்மா வச்சேன் என்று ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பதில் வேறு ஒன்று வந்தது.

"முதல்ல உன் தலையைத் துவட்டு. அப்புறம் வந்து கேளு."

"என் தலையா? என் தலை என்ன பண்ணுச்சு?"

"வீடு பூரா சொட்டுது. அடுப்படியிலயும் நீச்சல் குளம் கட்டிடலாம்."

அவ்வளவுதான். சனிக்கிழமை லாரி வருவதாக முடிவாயிற்று. தம்பி குடும்பம் வேறு வீடு பார்த்துவிட்டது. ஒரு கூரையின் கீழ் இருந்த குடும்பம், தண்ணீர் யார் சிந்தியது என்று தெரியாமலே இரண்டாகப் போகப்போகிறது. அதைத் தடுக்க என்னிடம் இருப்பது சனிக்கிழமைக் காலை மட்டும்.

6

சனிக்கிழமை கண்ணாடிக்காரி லீவு போட்டாள். பிரிவுத் துயரமெல்லாம் இல்லை. சாமான் ஏற்றுகிற சந்தடியில் தன்னுடைய குக்கர் அவர்கள் பெட்டிக்குள் போய்விடக் கூடாது என்கிற முன்ஜாக்கிரதைதான். நல்ல குளிர். சன்னலுக்கு வெளியே கூரைவிளிம்பெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. காலைச் சமையலை முடித்தாள், ஃபேனை நிறுத்தினாள், மேடையைத் துடைத்தாள். மடித்து வைத்த துணிகளையெல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கினாள். இனி அவை யாருக்கு? பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அடுப்படி வாசலிலேயே குறுக்கே போட்டு, காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே போக வேறு வழியில்லை. நீச்சல்காரி தன் அறையில் அட்டைப்பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். டேப்பை இழுக்கும் கர்ர்ர் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. கூடத்தில் ஒரு ஈ காக்காய் கூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, டீ போடலாம் என்று கண்ணாடிக்காரி எழுந்து உள்ளே போனாள்.

அடுப்பைச் சுற்றித் தண்ணீர்!

[இந்த இடத்தை எழுதும்போது நான் உண்மையிலேயே எழுந்து அறையைச் சுற்றி வந்தேன். பூட்டிய அறைக்குள் நடந்த திருட்டு மாதிரி! காவலாளி வாசலிலேயே இருக்கிறாள், உள்ளே யாரும் போகவில்லை, குற்றம் நடந்துவிட்டது!]

அவள் குனிந்து மேடையைத் தொட்டாள். ஈரம். விரலை முகர்ந்தாள். தேய்த்துப் பார்த்தாள். "என்ன கண்றாவி இது" என்று முணுமுணுத்தபடி தலையை நிமிர்த்தினாள். வலது கண்ணில் உலகம் திடீரென்று கலங்கிப்போனது. சொட்டு மூக்குக்கண்ணாடியின் மேலேயே விழுந்திருந்தது.

கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். லென்ஸில் என்ன படிந்தாலும் அவளுக்குத் தெரியும்: விரல் ரேகை, தூசு, வியர்வை, கண்ணீர். இது எண்ணெய் கலந்த தண்ணீர். ஸ்டூலைப் போட்டாள். வலையைக் கழற்றினாள். செல்போன் வெளிச்சம், தகட்டு மூடி, மூடியின் ஓரமெல்லாம் மினுங்கும் ஈரம். கையை விட்டுக் குழாயைத் தொட்டாள். பனிக்கட்டி மாதிரி ஜில்லென்றிருந்தது.

கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் தினமும் சொல்கிற பாடம் அவள் காதிலேயே கேட்டது. "குளிர்லேர்ந்து உள்ள வந்தா கண்ணாடி வேர்க்கத்தாங்க செய்யும். கண்ணாடி மேல தப்பில்ல. ஜில்லுனு இருக்கறதுல சூட்டுக் காத்து பட்டா அப்படித்தான்."

"அட!" என்று ஸ்டூலின் மேலேயே நின்று கத்திவிட்டாள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. அப்படியானால், சிந்தியது நீச்சல்காரி இல்லை. இத்தனை நாளும், ஒரு நாள்கூட, அவள் இல்லை.

கண்ணாடிக்காரி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். வெட்கத்தில் மேடையோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் வந்தது.

6-க்கும் 7-க்கும் நடுவில்

எழுந்து போய்ச் சொல் என்கிறேன். அசைய மாட்டேன் என்கிறாள்.

எப்படியெல்லாமோ எழுதிப் பார்த்தேன்.

ஒரு வடிவத்தில், அவள் புருஷனிடம் சொல்கிறாள். அவர் "அப்படியா?" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார். [அவரைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். என் தப்புதான்.]

இன்னொரு வடிவத்தில், ஓடிப்போய் நீச்சல்காரியைக் கட்டிக்கொண்டு "என்னை மன்னிச்சிரு—" [கிழித்துப் போட்டேன். இவள் அப்படிச் சொல்கிற ஆளில்லை. இவளை எனக்கு இவ்வளவு நேரமாகத் தெரியும்.]

மூன்றாவது வடிவம்தான் என்னைப் பயமுறுத்தியது. அதில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. லாரி வருகிறது, போகிறது. மறுநாள் கூரைக்கடியில் ஏறி, குழாயைச் சுற்றிக் கனமான பஞ்சு உறையை இறுக்கக் கட்டுகிறாள். அதோடு சொட்டு நின்றுவிடுகிறது. அதன்பிறகு அவள் அடுப்பு எப்போதும் காய்ந்தே இருக்கிறது. 'பாத்தியா, அவ போனதும் ஈரமும் போயிடுச்சு' என்று புருஷன் சொல்கிறார். அவள் ஒன்றும் சொல்லாமல் மேடையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, "இதான் நிஜத்துல நடக்கும்" என்றார்.

"நடக்கும். அதனாலதான் வேண்டாங்கறேன்."

"அப்புறம் அவளை எப்படி எழுப்புவ?"

எனக்கும் தெரியவில்லை. குக்கர் விசில் அடிக்க வைத்துப் பார்த்தேன், போனை ஒலிக்க வைத்துப் பார்த்தேன். அவள் மேடையில் சாய்ந்து, கண்ணாடியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் டேப் இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கர்ர்ர். பிறகு இன்னொன்று. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

எல்லாப் பெட்டியும் ஒட்டியாயிற்று.

அந்தச் சத்தம் நின்றதும் அவளே எழுந்து நடந்தாள். நான் ஒன்றும் செய்யவில்லை.

7

அறை வாசலில் வந்து நின்றாள். நீச்சல்காரி கடைசிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, டேப் சுருளை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் அடுப்படிக்கு வர்றியா?"

"எதுக்கு? உங்க குக்கரை நான் எடுக்கல."

"குக்கரை விடு. ஒண்ணு காட்டணும்."

"நீங்க இருக்கும்போது நான் அங்க வரமாட்டேன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். வா."

அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். நீச்சல்காரி டேப்பைக் கையில் பிடித்தபடியே பின்னால் வந்தாள். கண்ணாடிக்காரி வாசலில் குறுக்கே கிடந்த நாற்காலியைத் தள்ளிவிட்டாள். அடுப்பைப் பற்றவைத்து, ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்தாள். ஃபேனைப் போட்டாள்.

"டீயா?"

"இல்ல. பேசாம பாரு."

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆவி எழும்பி சிம்னிக்குள் போயிற்று. போதும் என்று தோன்றியதும் அடுப்பை அணைத்தாள், ஃபேனை நிறுத்தினாள். உள்ளே தகட்டு மூடி 'டக்'கென்று விழுந்து மூடிக்கொண்டது. இருவரும் அண்ணாந்து நின்றார்கள்.

"இப்ப விழும்" என்றாள் கண்ணாடிக்காரி.

"என்ன விழும்?"

"தண்ணி. மேலேர்ந்து. இத்தனை நாளா இங்கேர்ந்துதான் விழுந்திருக்கு. பாரு."

பார்த்தார்கள். விழவில்லை.

[இங்கேதான் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். சன்னல் பக்கம் பாருங்கள்! இத்தனை நேரத்தில் வெயில் ஏறிவிட்டது. கூரைவிளிம்பில் உறைந்திருந்ததெல்லாம் உருகி ஓடுகிறது. வெயில் பட்டுக் கூரை சூடாகியிருக்கிறது, கூரைக்கடியில் குழாயும் குளிர் விட்டிருக்கிறது. குளிராத குழாயில் ஆவி எப்படித் தண்ணீராகும்? வாரக்கணக்காக வேண்டாத நேரத்தில் எல்லாம் விழுந்த சொட்டு, வேண்டிய நேரத்தில் மக்கர் பண்ணுகிறது!]

கண்ணாடிக்காரி சிம்னி விளிம்பை விரலால் தட்டிப் பார்த்தாள். "காலையில விழுந்துச்சு. என் கண்ணாடி மேலயே விழுந்துச்சு. நான் வாசல்லயே உக்காந்திருந்தேன், உள்ள யாருமே போகல..." என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவளுக்கே அது நொண்டிச் சாக்கு மாதிரி கேட்டது. நீச்சல்காரி சிம்னியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"சரி, விழலைன்னாலும் போகட்டும்" என்றாள் கண்ணாடிக்காரி கடைசியில். குரல் உடைந்துவிட்டது. "நான் சொல்றதை மட்டும் கேட்டுக்கோ. நீ இல்ல. ஒருநாள் கூட நீ இல்ல. அன்னிக்கு உன் மாவை நான் மூடித்தாம்மா வச்சேன். நல்ல துணியா பாத்து மூடினேன்."

நீச்சல்காரி மேடையோரம் ஒதுக்கியிருந்த துணிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த மெத்துன்னு இருந்துச்சே, அந்தத் துணியா?"

"அதான்."

"எங்க குளத்துலயும் இப்படித்தான்கா" என்றாள் நீச்சல்காரி திடீரென்று. "குளிர்காலத்துல மேக்கூரை சொட்டும். பிள்ளைங்கல்லாம் மழை மழைன்னு கத்தும். வெயில் வந்தா நின்னுடும்." சொல்லிவிட்டு அண்ணாந்து சிம்னியைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண் விரிந்தது. "அய்யய்யோ. தெனம் தெனம் தலையில வாங்கிட்டு வர்றேன். எனக்குத் தோணலையே!"

"எனக்கே தோணல. கண்ணாடிக் கடையில நிக்கறவ நான்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று நான் சொல்லப்போவதில்லை, அதற்கும் ஒரு சண்டை வரும்.

"ஆனா ஒண்ணுக்கா" என்றாள் நீச்சல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு அதைப் பாக்கணும். இவ்வளவு பாடு படுத்தின அந்தச் சொட்டை என் கண்ணால பாக்காம நான் போகமாட்டேன்."

"வெயில் ஏறிடுச்சே. விழாதே."

"ஆவி பத்தலை. ஒரு பாத்திரம் எந்த மூலைக்கு? என் பெரிய சட்டி இருக்கு."

"அதைத்தான் கட்டிட்டியே."

நீச்சல்காரி ஏற்கெனவே ஓடிவிட்டாள். உள்ளறையிலிருந்து டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெட்டி, அப்புறம் இன்னொரு பெட்டி. சட்டி எதில் இருக்கிறதென்று அவளுக்கே நினைவில்லை போலிருக்கிறது, எல்லாவற்றையும் திறந்துகொண்டிருந்தாள்.

8

இப்போது நிலைமை இதுதான். அடுப்பில் இரண்டு பக்கமும் எரிகிறது. ஒன்றில் கண்ணாடிக்காரியின் பாத்திரம், இன்னொன்றில் நீச்சல்காரியின் பெரிய சட்டி. வெறும் தண்ணீர் எதற்குக் கொதிக்க வேண்டும் என்று யாரோ அதில் கிழங்கை நறுக்கிப் போட்டுவிட்டார்கள். உப்பு எவ்வளவு என்று லேசாக வாக்குவாதம் நடக்கிறது. ஃபேன் ஓடுகிறது. கண்ணாடிக்காரியின் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை, கழற்றித் துடைக்கவும் மறந்துபோய் நிற்கிறாள். கீழே தெருவில் லாரி வந்து நின்று ஹாரன் அடிக்கிறது.

வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் படிக்கிறார்.

"விழுந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"லாரி போச்சா?"

"நிக்குது."

"எழுதேன். ஒரு வரிதானே. விழுந்தது, அவ்வளவுதான். இல்லாட்டி விழலைன்னு எழுது."

ஒரு வரிதான். எழுதலாம். ஆனால் ஃபேனை நிறுத்தி, சொட்டு விழுந்துவிட்டால், "ஆமாக்கா, இதுதான்" என்று ஒரு தலையாட்டலோடு முடிந்துவிடும். திறந்த பெட்டியைத் திரும்ப ஒட்டிக்கொண்டு, சந்தோஷமாகவே அவள் லாரியில் ஏறிப் போய்விடக்கூடும். புது வீடு பார்த்தாயிற்று, முன்பணம் கொடுத்தாயிற்று. விழாவிட்டால், இன்னும் கொஞ்சம் ஆவி வேண்டுமென்று இன்னொரு பாத்திரம் வரும். என்னதான் ஆகும் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவர்கள் ஒரே அடுப்பின் முன்னால் சேர்ந்து நிற்பதை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன், இதற்கு மேல் என் கை ஓட மறுக்கிறது.

என்னைப் பொறுத்தவரை ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கிழங்கும் இன்னும் வேகவில்லை.

உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் நீங்களே நிறுத்திக்கொள்ளுங்கள். சுவிட்ச் சன்னலுக்கு வலப்பக்கம், கையெட்டும் உயரத்தில் இருக்கிறது. கை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டுத் தொடுங்கள். மேடையோரம் துணி நிறைய மடித்து வைத்திருக்கிறார்கள்.